வித்தவுட்

சர்க்கரை நின்றால் மூளை நிற்கும். மூளை நின்றால் தேசம் நிற்கும். பர்கூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் இளம்பரிதி இதை அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவன் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. கூடப் படிக்கிற எங்களுக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

"மூளைக்குச் சக்கரதான்டா பெட்ரோல்" என்பான். கடைக்கார நாராயணம்மாக்கா டீ மாஸ்டரிடம் "ஒரு வித்தவுட்" என்று குரல் கொடுத்தால் போதும், சர்க்கரை இல்லாத அந்த டீ யாருக்கு என்று தேடிப் பிடிப்பான். ரயில் பரிசோதகர் மாதிரிப் பக்கத்தில் போய் நின்று, "சார், டிக்கெட் எங்க?" என்பான். கிரானைட் லாரி ஓட்டும் பூபதியண்ணன் இதற்குப் பயந்தே டீயை வண்டிக்குள் வாங்கிக் குடிப்பார்.

இந்தக் கொள்கையை முழுதாக நம்பிய ஒரே ஆள் அவன் அப்பா ஆஞ்சப்பன். ஓசூரில் ஷிப்ட் வேலை. போன மாதம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தது, இதயத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள்.

"மூளைக்கு வேண்டிய சக்கரய சோத்துலயும் களியிலயும் ஒடம்பே எடுத்துக்கும்" என்றார் டாக்டர். "அதுக்கு மேல அள்ளிப் போட்டா ரத்தக்குழாய்தான் கெடும். இப்ப நெஞ்சுல காட்டிடுச்சு. அடுத்தது மூளையில காட்டலாம்."

இளம்பரிதி தலையாட்டினான். அப்பா ஆட்டவில்லை.

நேற்று கிருஷ்ணகிரியில் செக்கப் முடிந்து இருவரும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அப்பா நேராகக் கடைக்குள் வந்தார்.

"ஒரு டீ. சக்கர தூக்கலா."

இளம்பரிதி உட்கார்ந்தான், எழுந்தான். போனை எடுத்தான், பார்க்காமலே பாக்கெட்டில் போட்டான்.

"வேணாம்பா."

"ஏன்டா? பெட்ரோல் இல்லாம வண்டி எப்பிடி ஓடும்?"

"அது சும்மா வாய்க்கு வந்தத சொன்னதுப்பா."

"இன்ஜினியருக்குப் படிக்கறவன் சும்மா சொல்லுவானா? கம்பெனில அத்தன பேருக்கும் சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப அங்க ஒருத்தன்கூட வித்தவுட் குடிக்கறதில்ல." அப்பாவின் குரல் இறங்கியது. "அதுவும் இல்லாம, இங்க வித்தவுட்னு வாயத் தொறந்தா இவனுங்க டிக்கெட் கேப்பானுங்க."

எங்களைத்தான் சொன்னார். நாங்கள் வடைத் தட்டைப் பார்த்தோம்.

மாஸ்டர் சர்க்கரை டப்பாவுக்குள் கரண்டியை விட்டார். இளம்பரிதியின் கால் ஆடிய ஆட்டத்தில் பெஞ்சே ஆடியது. எங்கள் கிளாஸ்களில் டீ தளும்பியது. கரண்டி குவியலோடு வெளியே வந்தது. இளம்பரிதி சட்டென்று எழுந்துபோய் நாராயணம்மாக்காவிடம் ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கலப்பா" என்றார் அக்கா. அவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"ரெண்டு வித்தவுட்க்கா."

லாரியிலிருந்து பூபதியண்ணன் கையில் டீயோடு இறங்கி வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டிக்கெட் கேட்கவில்லை.

இளம்பரிதி ஒரு கிளாஸை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தான் குடித்தான். முகம் கோணாமலிருக்க ரொம்பவே பாடுபட்டான். அதையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, தன் கிளாஸைத் தூக்கி மெல்ல ஊதினார்.