உபயம்: ப. நஞ்சுண்டன்

முன்னாள் கவுன்சிலர் நஞ்சுண்டனுக்குக் கோர்ட்டில் தண்டனை விழுந்த மறு ஞாயிறே, சிங்காநல்லூரில் குடியிருப்போர் சங்கம் கூடிவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் பதித்திருந்த ‘உபயம்: ப. நஞ்சுண்டன்’ என்ற கல்லைப் பேர்ப்பதா, விடுவதா? பேர்க்கச் சொல்லிப் பதினோரு கை. விடச் சொல்லிப் பதினோரு கை. மிச்சம் இருந்தது தலைவி கிருபாவதியின் கைதான்.

“போலிப் பட்டா போட்டு, மழைத்தண்ணி ஓடையை அடைச்சு குடோன் கட்டின ஆளுங்க!” என்றான் அருண்குமார்.

“ஏனுங்க தம்பி, நீங்க குடிவந்தது போன வருசம். குடத்தோட மூணு தெரு அலைஞ்சது நாங்க. சொந்த சைட்டையே தொட்டிக்குக் குடுத்த மனுசனுங்க,” என்றாள் ரங்கம்மாள்.

“அதுக்காகத் தப்பு செஞ்சவன் பேரைத் தலைமேல வெச்சுக்குவீங்களாக்கா?”

“அப்படின்னா நாளையிலிருந்து உங்க ஊட்டுப் பைப்பை மூடிப்போடுங்க, பாக்கலாம்!”

எல்லாரும் சிரித்தார்கள். கிருபாவதி சிரிக்கவில்லை. தினமும் அவள் உலை வைப்பது அந்தத் தொட்டித் தண்ணீரில். ஓடை அடைபட்ட வருசம் வெள்ளம் புகுந்து, சோறு போட்ட இரண்டு தையல் மிஷினும் பாழானதும் அவள் வீட்டில்தான். எந்தப் பக்கம் கை தூக்கினாலும் பாதிப் பொய்.

“அந்தக் கல்லு இருக்கட்டுங்க,” என்றாள் கடைசியில். “எங்க காம்பவுண்டுச் சுவத்துல இன்னொண்ணு வெச்சுப்போடலாம்.”

அவள் சொன்ன வாசகத்தைக் கேட்டதும், இருபத்திரண்டு கையும் சிரிப்போடு மேலே போயின.

அப்பீல் போட்டு ஜாமீனில் வந்த நஞ்சுண்டன், விஷயம் கேள்விப்பட்டு நேரே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சுவரில் புதுக்கல்: ‘வெள்ளம் இந்த மட்டம் வரை. உபயம்: நஞ்சுண்டன்.’

“ஏனுங்க அம்மணி, நக்கலுங்களா?”

“இல்லீங்க. எதைச் செஞ்சாலும் கல்லு வெக்கோணும்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

அவர் கல்லை ஒட்டி நின்று பார்த்தார். மார்பளவுக்கு இருந்தது.

“இத்தனை உசரமா வந்துச்சு?”

“ஆமாங்க. மிஷின் ரெண்டும் போச்சுங்க.”

அவர் கல்லின் எழுத்தை விரலால் தடவினார். பிறகு, குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் சொம்பை நீட்டினாள்.

“உங்க தொட்டித் தண்ணிதானுங்க. சும்மா குடிங்க.”

மடக்மடக்கென்று குடித்துவிட்டுக் கிளம்பியவர், கேட்டருகில் நின்று திரும்பினார்.

“இனிஷியலை உட்டுப்போட்டீங்களே அம்மணி. வேற எவனோ நஞ்சுண்டன்னு நெனைச்சுக்கப் போறாங்க.”

மறுநாளே கிருபாவதி கல் கொத்துபவரை வரச் சொன்னாள்.