ஓரத்தில் எழுதிய சாவு

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கல்யாணம். புதன்கிழமை கைக்கு வந்த பிறப்புச் சான்றிதழின் ஓரத்தில், மாப்பிள்ளை பதினான்கு வருடத்துக்கு முன்பே போரில் செத்துப்போனதாக எழுதியிருந்தது.

மாப்பிள்ளை எழுத்தாளர் ஃபெர்னான் ரூவியேர், வயது அறுபத்தொன்று. வாழ்க்கைக்கு அர்த்தமும் கிடையாது, உலகத்தில் நியாயமும் கிடையாது, இருந்தாலும் சிரித்துக்கொண்டு சந்தோஷமாக இருந்து தொலையுங்கள் என்று ஒன்பது புத்தகம் எழுதியவர். லூசெத்தோடு இருபது வருடமாக ஒரே வீட்டில் குடித்தனம். அன்புக்கு எதற்கு முத்திரை என்று கல்யாணத்தைத் தட்டிக்கழித்ததும் இந்த மனுஷன்தான். இப்போது அவளுக்கு வயிற்றில் கட்டி, திங்கட்கிழமை ஆபரேஷன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் கட்டில் பக்கம் விடமாட்டார்கள். கண் விழிக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும், அது போதும் என்றுதான் அவள் கேட்டிருந்தாள்.

தாத்தா பேரையே பேரன்களுக்கெல்லாம் வைப்பது எங்கள் வழக்கம். இவருடைய பெரியப்பா மகனும் ஃபெர்னான் ரூவியேர்தான். செத்தது அவன். அந்தச் சாவை எந்தப் புண்ணியவானோ இவர் பிறப்பைப் பதிந்த பக்கத்தில் கொண்டுபோய் எழுதிவிட்டான்.

திருத்துவதற்குக் கோர்ட் உத்தரவு வேண்டும், மூன்று மாதமாகும் என்றாள் நகராட்சியில் பதிவேடு பார்க்கும் பஸ்தீத் அம்மாள். மனுவில் சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் இறந்துவிட்டதால் வாரிசு போடலாமாம். எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறேனே, கண் தெரியவில்லையா என்று ரூவியேர் மேசையைக் குத்தினார்.

"உங்க புஸ்தகம் எல்லாம் படிச்சிருக்கேன் ஐயா. உலகத்துக்கிட்ட நியாயம் கேக்கறவன் சுவத்துக்கிட்ட பேசறவன்னு எழுதினீங்களே, அன்னிக்கு எப்படிச் சிரிச்சேன் தெரியுமா?"

அவள் கிண்டல் செய்யவில்லை, மனதாரப் பாராட்டினாள். அதுதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை மேயரிடம் நடந்தார். வெள்ளிக்கிழமை கோர்ட்டில் காத்துக் கிடந்தார். எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையை விரித்தார்கள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீட்டில் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்த லூசெத், முழுக் கதையையும் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இருபது வருஷமா என்னைச் சிரி சிரின்னே. சிரிச்சுட்டேன். இப்ப நீ சிரி, பாப்போம்."

அவருக்கு வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் விவரம் கேட்டு எழுதினவனிடமும் அவள் விளையாட்டை விடவில்லை. போரில் செத்த ரூவியேரின் விதவை என்று எழுதிக்கொள், சர்க்காரே சொல்கிறது என்றாள். அவன் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டான்.

மத்தியானம் வார்டு வாசலில் சிஸ்டர் அவரை மறித்தாள்.

"அந்தம்மாவுக்குச் சொந்தம்னு யாரும் இல்லையே. புருஷன் போரிலயே போயிட்டாராம். நீங்க யாரு?"

"அந்தப் புருஷன் நான்தான்."

சிஸ்டர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். ஆறுதலாக முழங்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே லூசெத் கண் விழித்து, ஃபெர்னான், ஃபெர்னான் என்று கூப்பிடுவது அவருக்குக் கேட்டது.

ரூவியேர் வராந்தாச் சுவரைப் பார்த்து, இது நியாயமா என்று கேட்டார்.