வியாபாரத்துக்குச் சரிவராத இருவர்

ஆரையம்பதியும் காத்தான்குடியும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் சுலோஜனாவும் றுமானாவும் சேர்ந்து ஒரு தையல் கடை நடத்துகிறார்கள். ஒரு பக்கம் கலியாணச் சாறிச் சட்டை, மறுபக்கம் அபாயா. இந்த ஆறு வருசத்தில் இருவரும் சண்டை பிடிக்காத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

துணி வெட்டுவது சுலோஜனா. அவளுடைய கதையும் வெட்டொன்று துண்டிரண்டுதான். "இந்த நிறம் உங்களுக்கு எடுபடாது" என்று வந்தவரின் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். கோபித்துக்கொண்டு எழும்புகிறவரை மறித்து இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்து, ஒரு சட்டைக்கு வந்தவரிடம் இரண்டுக்கு அளவு எடுத்து அனுப்புவது றுமானாவின் பொறுப்பு.

இப்போது றுமானாவின் அண்ணன் அசனார் காக்கா, மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையறை பார்த்து வைத்திருக்கிறார். இரண்டாவது கடை போட வேண்டுமாம். ஒருத்தி அங்கே போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"ஆரு போற எண்டு நாம சண்டை பிடிக்கத் தேவல்ல. அந்தப் பயிற்சியில சொல்லட்டும்கா" என்றாள் றுமானா. சிறு வியாபாரம் செய்யும் பெண்களுக்கு ஒருநாள் பயிற்சி. அவரவர் குணம் எந்த வகை என்று பார்த்து, யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று சொல்வார்களாம்.

போகப்போவது றுமானாதான், அதைச் சொல்ல ஒரு பயிற்சி வேறா என்று சுலோஜனாவுக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல் என்பது வெளியே சொல்வதற்கு. றுமானா இல்லாத கடையில் தனியாக இருப்பதை நினைக்க அவளுக்கு அழுகைதான் வந்தது.

மண்டபத்தில் நாற்பது பெண்கள். பயிற்சி நடத்திய சுபாகரன் சேர் முப்பது வயதைத் தாண்டாத நல்ல பிள்ளை. முப்பது கேள்விகள் உள்ள தாளை எல்லோருக்கும் கொடுத்தார். 'நான் துணிந்து முடிவெடுப்பேன்', 'நான் வாடிக்கையாளரோடு இனிமையாகப் பேசுவேன்' என்ற மாதிரி. எப்போதும், சிலவேளை, ஒருபோதும் இல்லை என்ற மூன்றில் ஒன்றுக்குச் சரி போட வேண்டும். தாள்களை வாங்கிப் பார்த்தவர் தலையில் கைவைத்தார். நாற்பது பேரும் முப்பது கேள்விக்கும் 'சிலவேளை' போட்டிருந்தார்கள். பின்னே? நான் கெட்டிக்காரி என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? கண்ணூறு படாதா?

"சரி அக்காமார், பக்கத்தில இருக்கிறவக்கு நீங்க நிரப்புங்க" என்று புதுத் தாள்களைக் கொடுத்தார் சேர்.

அப்போதுதான் சுலோஜனாவுக்குள் சனியன் புகுந்தது. றுமானாவின் தாள் இப்போது அவள் கையில். துணிந்து முடிவெடுப்பாரா? போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, யாரையும் கேட்காமல் மூன்று மெசினையும் மேசைமேல் ஏற்றி வைத்தவள் றுமானா. சுலோஜனா 'ஒருபோதும் இல்லை' என்பதற்குச் சரி போட்டாள். இனிமையாகப் பேசுவாரா? ஒருபோதும் இல்லை. சோதனை எழுதும் பிள்ளை மாதிரி இடது கையால் தாளை மறைத்துக்கொண்டு கடகடவென்று முடித்தாள். றுமானாவும் தன் கையிலிருந்த தாளை மறைத்துக்கொண்டுதான் இருந்தாள். குற்றமுள்ள நெஞ்சுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை.

பின்னேரம் சேர் இருவரையும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். முகம் வாடியிருந்தது.

"குறை நினைக்காதீங்க அக்கா. உங்க ரெண்டு பேருக்கும் வியாபாரம் சரிவராது. முடிவெடுக்கவும் ஏலாது, ஆக்களோட கதைக்கவும் வராது. எங்கயாவது வேலைக்குப் போனா நல்லம்."

அவரவரைப் பற்றிய தாளை அவரவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே மதிலோரம் நின்று றுமானா தன்னுடையதை மேலிருந்து கீழாக வாசித்தாள்.

"எனக்குக் கதைக்கத் தெரியாதாகா?"

சுலோஜனா மதிலைப் பார்த்துச் சொன்னாள். "நல்லா எழுதினா உன்னைத்தானே டவுனுக்கு அனுப்புவாங்க? நீ போனா மறுகா நான் ஆரோட சண்டை பிடிக்கிற?"

றுமானா கைபேசியை எடுத்தாள். "காக்கா, அந்த அறைய வேற ஆருக்காவது குடுக்கச் சொல்லுங்க. ஓம், சேர் பாத்துச் சொல்லிட்டார். எங்களுக்கு வியாபாரம் சரிவராதாம்."

சுலோஜனாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அப்புறம்தான் தன் தாளைப் பிரித்தாள். 'இவர் தனியாக நின்று வேலை செய்யக்கூடியவர்' என்ற இடத்தில், ஒருபோதும் இல்லை. பேனை அழுந்தித் தாளே கிழிந்திருந்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"எனக்குத் தனிய நிக்க ஏலாதா? நோன்பு மாசம் முழுக்க நீ பின்னேரமே வீட்ட போக, கடையப் பாத்தது ஆரு?"

"உனக்கு ஏலும் புள்ள" என்றாள் றுமானா, முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்குத்தான் ஏலா. என்ட கையில இருந்தது உன்ட தாள்தானே, நான் வேற எங்க எழுதுற?"