மொட்டைக்கழுத்துப் பெட்டை

செல்வராணி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டைக்குஞ்சுக்குக் கழுத்தில் இறகே கிடையாது. யோங் பெங் ஊரில் அவளை வழியனுப்பிய அம்மா, அதைப் பழைய சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துவிட்டாள். செடெனாக் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், நாத்தனார் வெள்ளையம்மா வளர்த்த குஞ்சுகளோடு அதை விட்டபோது, எல்லாம் முதலில் விலகி நின்று பார்த்தன. பிறகு கொத்தின.

வெள்ளையம்மாவின் குஞ்சுகளும் ஓர் அடையில் பொரித்தவை அல்ல. கம்பத்துக் கிராமத்து மலாய்க்காரியிடம் வாங்கிய கறுப்புப் பெட்டைகள், சீனர் கடையிலிருந்து வந்த மஞ்சள்காலி, லயத்திலேயே பொரித்த புள்ளிக்காரிகள். நொய்யைத் தூவினால் கறுப்புகள் தின்று முடித்த பிறகுதான் மற்றவை தலை கொடுக்கும். மொட்டைக்கழுத்து எல்லாவற்றுக்கும் பின்னால், அவை கிளறி எறிந்த மண்ணில் எதையோ பொறுக்கிக்கொண்டு வளர்ந்தது.

"ஒன்ன மாதிரியேதான் இருக்கு," என்பாள் வெள்ளையம்மா. "ஒண்ணும் போடாம அனுப்புன கழுத்து."

செல்வராணியின் கணவன் காளியப்பன் அக்கா கையில் வளர்ந்தவன். அக்கா பேசும்போது அவன் தரையைப் பார்ப்பான். அந்த அறையில் மூன்று பேர் இருந்தும், சில நாட்களில் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டுமே கேட்கும்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும், தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று செல்வராணி ஒருமுறை கேட்டாள்.

"என்னைய எந்த லாரி வந்து கூட்டிட்டுப் போச்சு?" என்றாள் வெள்ளையம்மா. "இந்தப் பாயிலதான் பெத்தேன். இந்தப் பாயிலேர்ந்துதான் தூக்கிக் குடுத்தேன், பொதைக்க."

சில நாள் கழித்து, குழாயடியில் பெண்கள் கூடியிருந்தபோது வெள்ளையம்மாவே பேச்சை எடுத்தாள்.

"சரி புள்ள, போ. ஒன் மொட்டச்சி மொத முட்ட வைக்கட்டும். அத முனியாண்டிக்கு வெச்சுட்டுக் கெளம்பு. வைக்கலன்னா இங்கதான். சூடம் அடிச்சுச் சொல்லு."

"அக்கா, அது சேவலாப் போயிட்டா?" என்று கேட்டாள் பக்கத்து அறைச் செல்லம்.

"அப்ப இவளே அட உக்காரட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வராணி ரப்பர் மரங்களுக்கு நடுவே நின்ற முனியாண்டிக் கல்லின் முன்னால் போய், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். கை கொப்பளித்தது. தோட்டத்தில் கங்காணியிடம் வாய் கூசாமல் பொய் சொல்கிறவர்கள்கூட சூடம் அடித்த பேச்சை மீறமாட்டார்கள். இது வெள்ளையம்மாவுக்குத் தெரியும்.

அன்று முதல் செல்வராணிக்கு வேறு நினைப்பு இல்லை. ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும்போது கரையான் புற்றை உடைத்து வாளியில் கொண்டுவருவாள். தேங்காய்ச் சக்கையைத் தன் கையில் வைத்துத் தின்னக் கொடுப்பாள். மறுகையில் கறுப்புகளை விரட்ட ஒரு குச்சி. பெட்டையின் கொண்டை சிவந்தது. தொட்டால் சிறகை விரித்துப் பதுங்கியது. ஒருநாள் சாக்கு மூட்டைகளின் இடுக்கில் நுழைந்து நுழைந்து வெளியே வந்து, நாள் முழுக்கக் கேரியது. மறுநாள் யோங் பெங்கிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்ற வரும் லாரியில் தாய்மாமன் ஐயாசாமி அவளைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

செல்லம் எட்டிப் பார்த்தாள். "எப்பா, என்னா நெறம். நாளைக்கு வெச்சிடும்டி."

கண்ணுபடப் பேசிவிட்டாளே என்று செல்வராணி பயந்தாள். விடிந்ததும், முனியாண்டிக் கல்லிலிருந்து எடுத்து வைத்திருந்த குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்து, பெட்டையின் இறகில்லாத கழுத்தைச் சுற்றிப் பூசினாள். பூசிவிட்டு வேலைக்குப் போனாள்.

வெள்ளையம்மா அன்று காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லை. வாசலில் மேய்ந்த பெட்டையைப் பார்த்தாள். வெயிலில் எண்ணெய் மினுங்கியது. அறுத்த கழுத்து போலவே இருந்தது. கோழி சிவப்பைக் கண்டால் விடாது என்பது அவள் எத்தனையோ குஞ்சுகளைப் பறிகொடுத்துக் கற்றது. மேலே பருந்து எதுவும் இல்லை. இருந்தும், "பருந்து சுத்துது," என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு எல்லாக் கோழிகளையும் கூட்டுக்குள் அடைத்தாள். மொட்டைக்கழுத்தைக் கடைசியாகப் பிடித்து உள்ளே தள்ளி, கதவுப் பலகையை இறக்கினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒரு கறுப்புதான் முதலில் கொத்தியது. குங்குமம் பிடிக்கவில்லை போலும். அலகைத் தரையில் துடைத்தது. மறுபடி கொத்தியபோது அசல் ரத்தம் வந்தது. பிறகு எல்லாம் வந்தன. மற்றக் கோழிகளிடம் அடிபட்டுக் கடைசியில் தின்னும் புள்ளிக்காரிகள்தான் ரொம்ப நேரம் கொத்தின. வெள்ளையம்மா பலகையில் கை வைத்திருந்தாள். தூக்கவில்லை.

செல்வராணி வந்தபோது கூடு திறந்து கிடந்தது.

"உசுரு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. வீணாப் போகக் கூடாதுன்னு அறுத்துட்டேன்," என்றாள் வெள்ளையம்மா. "மாமா வர்ற நேரம். றெக்கைய நீ பறி."

செல்வராணி பறித்தாள். கழுத்தில் பறிக்க ஒன்றும் இல்லை. வயிற்றைக் கீறியபோது மஞ்சள் கருக்கள் கொத்தாக, பெரிதும் சிறிதுமாகத் தொங்கின. அவற்றுக்குக் கீழே முழு முட்டை ஒன்று, ஓடு கட்டி, இன்னும் சூடாக இருந்தது. அதைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

ஐயாசாமி வந்ததும், சூடம் அடித்ததைச் சொல்லி அதை அவரிடம் நீட்டினாள்.

"ஓடு கட்டிருச்சேம்மா. இதுக்கு மேல என்ன?" என்றார் அவர். "முனியாண்டிக்கு வெச்சுட்டு வா, கெளம்பலாம்."

"வெச்ச முட்டன்னுதான பேச்சு," என்றாள் வெள்ளையம்மா, தட்டில் சோறு போட்டபடி. "அறுத்து எடுத்தது வெச்சதாகுமா, அண்ணே? வயித்த அறுத்துப் பிள்ளய எடுத்தா, பெத்தான்னு சொல்லுவீங்களா? உக்காருங்க, கறி ஆறுது."

ஐயாசாமி காளியப்பனைப் பார்த்தார். "மாப்பிள்ள, நீங்க சொல்லுங்க."

காளியப்பன் தரையைப் பார்த்தான். வெளியே லாரிக்காரன் ஒருமுறை ஹாரன் அடித்தான். இன்னொரு முறை அடித்தான்.

"சூடம் அடிச்சது அவதான, மாமா," என்றான்.

செல்வராணியின் கொப்புளம் இன்னும் முழுசாக ஆறவில்லை. அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க சாப்பிட்டுப் போங்க மாமா. அம்மாகிட்ட, நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க."

ஐயாசாமி வேகமாகச் சாப்பிட்டார். எலும்பைக்கூட விடவில்லை. லாரி போனது.

வெள்ளையம்மா முட்டையை அவித்து உரித்தாள். அதைத் தம்பிக்கு வைக்கப்போனவள், என்ன நினைத்தாளோ, செல்வராணியின் தட்டில் வைத்தாள்.

"தின்னு. பிள்ளைக்கு நல்லது."

செல்வராணிக்குப் பசித்தது. தின்றாள்.