எட்டு விநாடி மௌனம்

1

எஞ்சின் தானாக நின்றதா, படகோட்டி அன்ரனிதாஸ் நிறுத்தினானா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. கதை அந்த இடத்தில்தான் பிறந்தது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போன படகில் நானும் இருந்தேன். மிச்சத்தை நிரோஜினி பிறகு சொன்னாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: மனித மூளை ஒரு கடல், அதில்...

[வெட்டிவிட்டேன். மூளை மூளைதான்.]

நிரோஜினி கொழும்பில் மூளையைப் படமெடுக்கும் ஆய்வகத்தில் இருக்கிறாள். குரல் கேட்டால் மூளையில் எந்த இடம் விழிக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. அந்த மாதம் இயந்திரத்துக்குள் படுத்தவள் அவளுடைய மாமி மரியநாயகி. மாமிக்குக் காது ஏறக்குறையப் போய்விட்டது. மிச்சமிருக்கும் கேட்கும் திறனுக்கு மூளை அசைகிறது என்று படம் காட்டினால்தான் காதுக்குள் கருவி வைக்கும் சத்திரசிகிச்சை.

இயந்திரமோ தகரத்தில் சம்மட்டி அடிப்பதுபோலச் சத்தமிட்டது. காதுக்குப் பஞ்சு, தலையைச் சுற்றி மெத்தை, எல்லாம் நிரோஜினி வைத்துப் பார்த்தாள். படத்தில் இயந்திரத்தின் இரைச்சல்தான் விழுந்தது. "இன்னும் ஒருக்கா மட்டும்" என்றார் பெரிய டொக்டர்.

[மாமி என்ன நினைத்தாள் என்று மூன்று பந்தி எழுதினேன். அவள் என்னிடம் வாய் திறக்கவில்லை. அப்படியே விடுகிறேன்.]

3

அன்ரனிதாஸ் மாமியின் மகன். ஊருக்கு வந்திருந்த நிரோஜினியும் அன்று படகில் இருந்தாள். எதிரே ஒரு வள்ளம் வந்தது. எஞ்சினை நிறுத்தினான். (நிறுத்தினான் என்றே வைத்துக்கொள்வோம்.) "நண்டு பட்டதோ?" என்று கத்தி, பதிலைக் கேட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்ப மறுபடி கயிற்றை இழுத்தான்.

"ஏன் மச்சான் நிப்பாட்டினனீர்?" என்றாள் நிரோஜினி.

"எஞ்சின் ஓடேக்கை ஆருக்கு என்ன கேக்கும்? உவ்வளவு படிச்சும் இது தெரியாதோ?"

"எங்கடை ஆய்வகத்திலை மிசினை நிப்பாட்டினால் படம் எடுக்க ஏலாது."

"அப்ப கேட்டு முடிய எடுமன்."

நிரோஜினி கரை வரும்வரை விரல் மடக்கி விநாடி எண்ணினாள். குரல் கேட்டு மூளையில் விழித்த இடத்துக்கு இரத்தம் போய்ச் சேர நாலைந்து விநாடி ஆகும். இயந்திரம் பிடிப்பது அந்த இரத்தத்தைத்தான். குரலை மௌனத்தில் கொடுக்கலாம். இயந்திரம் பிறகு இரையட்டும்.*

"மச்சான், உம்மடை குரல் வேணும். மாமியோடை கதைக்கிற மாதிரி போனிலை கதையும், பதிஞ்செடுக்கிறன்."

அவன் படகு கட்டும் கயிற்றைச் சுற்றினான்.

"அம்மாவோடை கதைச்சு ரெண்டு வருசம். கேக்காதெண்டு விட்டிட்டன்."

* இது வேறு நாடுகளில் பல காலமாக இருக்கும் முறைதான். படித்த காலத்தில் வாசித்து மறந்துவிட்டாள்.

4

வெள்ளிக்கிழமை, கொழும்பில், மாமி மறுபடி இயந்திரத்துக்குள். எட்டு விநாடி மௌனம், அதற்குள் அன்ரனிதாசின் குரல்: "எணை அம்மா, தேத்தண்ணி ஊத்துங்கோவன்." பிறகு ஒரு இரைச்சல், ஒரு படம். மறுபடி மௌனம். நாற்பது தடவை.

திரையில், மூளையில் இரண்டு காதுகளுக்கும் மேலே, இரண்டு சிவப்புப் பொட்டுகள். நிரோஜினி கதிரை கவிழ எழும்பிக் கத்தினாள். பெரிய டொக்டர் கைதட்டினார்.

வெளியே வந்த மாமி கேட்டாள்: "அவன் ஏனடி நாப்பது தரம் தேத்தண்ணி கேக்கிறான்? குசினியிலை ஒருதரும் இல்லையோ?"

[படம் வெறுமையாக வந்தது என்று இன்னொரு முடிவும் எழுதியிருந்தேன். சோகமாக, அழகாக இருந்தது. பொய். கிழித்துவிட்டேன்.]

5

எஞ்சினைப் பற்றிப் போன கிழமை அன்ரனிதாசிடம் கேட்டேன். "ஆருக்கு ஞாபகம், அண்ணை? கிழட்டு எஞ்சின். அதுவாயும் நிக்கும்" என்றான். எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாமிக்குக் கருவி வைத்தாகிவிட்டது. ஊரே சத்தமாகிவிட்டதென்று குறை சொல்கிறாள். நிரோஜினி அதே ஆய்வகத்தில் இருக்கிறாள். அன்ரனிதாஸ் அதே படகை ஓட்டுகிறான். வீட்டுக்குப் போனதும் முதலில் ரேடியோவை நிறுத்துகிறான். பிறகு அம்மாவோடு கதைக்கிறான்.