கொண்டக்டர் கடைசியில்தான் ஏறுவார்

கொட்டாஞ்சேனையின் பழைய பட்மின்டன் மண்டபத்துக்குள் செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை எதற்கும் எடை இருப்பதில்லை. இது தொடங்கி இரண்டு வருடமாகிறது. மின்சாரக்காரரும் தண்ணீர்க்காரரும் வந்து பார்த்து, தங்கள் பகுதியில் பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆட வருபவர்கள் ஐந்தரைக்கு மாறிக்கொண்டார்கள். புதிதாக அமைந்த விண்காவல் படை அந்த இரண்டு மணிநேரத்தைக் கேட்டு வாங்கி, தன் பன்னிரண்டு பயிலுநர்களை இரண்டு அணியாகப் பிரித்து அங்கே மிதக்கவிட்டது. மண்டபத்தின் இரு முனைகளிலும் அணிக்கொன்றாக இரும்பு வளையம். தன் ஆறு பேரையும் முதலில் வளையத்துக்குள் சேர்க்கும் அணி வெல்லும். கடைசி ஆட்டத்தில் வெல்லும் தலைவரே பன்னிருவருக்கும் தலைமை தாங்கி விண்நிலையத்துக்குப் போவார்.

வெள்ளவத்தை மீனுவுக்கு அந்தப் பதவி வேண்டும். புறக்கோட்டைத் துணிக்கடைக் குடும்பத்துப் பெண். படைக் கையேட்டின் முந்நூறு பக்கமும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அவள் வலது பக்கம் திரும்பச் சொன்னால் ஐந்து பேர் ஐந்து திசையில் போனார்கள். தலைகீழாக மிதப்பவனுக்கு வலது வேறு பக்கத்தில் இருந்தது. எதிரணித் தலைவன் புஷ்பராஜ் முகத்துவாரத்து மாடிக் குடியிருப்புக்காரன். காலை வேளைகளில் வெள்ளவத்தை பஸ்ஸில் கொண்டக்டர். அவனுக்குக் கையேடு தெரியாது; மண்டபத்திலும் பஸ்ஸில் கூப்பிடுவதைப் போலவே கூப்பிட்டான்.

“பச்சைச் சப்பாத்து அக்கா, ஜன்னல் பக்கம் வாங்க. தம்பி, தூணைப் பிடிச்சிட்டு நிக்காம உள்ள போ, இடம் இருக்கு.”

நான்கு பயிற்சி ஆட்டங்களிலும் அவனே வென்றான்.

மறுநாளே மீனு அந்த பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதத் தொடங்கினாள். மூன்றாம் நாள் அவன் பக்கத்தில் வந்தான்.

“மிஸ், கொப்பியில எழுதினா சனம் உள்ள போகாது. படியில வந்து நில்லுங்க.”

“எனக்குப் பழக்கினா நீங்க தோத்துருவீங்க.”

“நாலு தடவ சும்மா ஜெயிச்சு அலுத்துப் போச்சு, மிஸ்.”

ஒன்பதாம் நாள் அவள் படியில் நின்று கூப்பிட்ட கூப்பாட்டில் நூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ளே போனார்கள். அதன் பிறகும் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கு இடமிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து மருதானை வரை சக்கரங்கள் வீதியைத் தொடவில்லை. வழக்கத்தைவிடக் குலுக்கல் குறைவு என்று சிலர் சொன்னார்கள்.

கடைசி ஆட்டத்தில் இரு தரப்பிலும் ஐந்து பேர் ஒரே நேரத்தில் உள்ளே போய்விட்டார்கள். தன் ஐந்தாவது ஆளைத் தள்ளிவிட்ட வேகத்தில் மீனு பின்னால் மிதந்து போய், எதிரணி வளையத்துக்குச் சற்று இப்பால், கைக்கு எதுவும் எட்டாத வெளியில் நின்றுவிட்டாள். புஷ்பராஜ் தன் வளையத்தைப் பிடித்திருந்தான். தலையை உள்ளே விட்டால் போதும். ஆனால் ஒருவர் வெளியில் கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போது ஏறி அவனுக்குப் பழக்கமில்லை. ஒரு காலை வளையத்தில் மாட்டிக்கொண்டு உடம்பை நீட்டி, அவளை முதுகில் கைவைத்துத் தள்ளினான்.

“போங்க மிஸ், போங்க. நான் கடைசியில ஏறிக்கிறேன்.”

அவள் மண்டபத்தின் முழு நீளத்தையும் கடந்து தன் வளையத்துக்குள் போய்ச் சேரும்வரை அவன் படியில் நிற்பவனைப் போலவே பார்த்துக்கொண்டிருந்தான். விசில் ஊதிய பிறகுதான் தோற்றது அவனுக்கு உறைத்தது. அவனுடைய ஐந்து பேரும் அவனைத் திட்டினார்கள், திட்டிக்கொண்டே சிரித்தார்கள்.

பயிற்சி அதிகாரி ராஜராஜேஸ்வரி வெற்றியை மீனுவின் பெயரில் எழுதினார். அப்போது மணி ஐந்து பத்து. பன்னிரண்டு பேரும் இன்னும் மேலேயே இருந்தார்கள், எடை திரும்பியிருக்கவில்லை. மீனு எல்லோரையும் சுவரோரம் வரவழைத்து, கால் கீழே இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

“புஷ்பராஜ், கதவுப் பக்கம் உங்க பொறுப்பு. எல்லாரும் பிடிச்சிட்டாங்களா?”

“சரி மிஸ். கீழ ஆள் இல்ல, இறக்கலாம்.”

“இறங்குவோம்,” என்றாள். எடை வந்தது.

மண்டபக் காவலாளி அறிவிப்புப் பலகையில் எடை திரும்பும் நேரமாக இருந்த ‘ஐந்து மணி’ என்பதை அழித்துவிட்டு, ‘மீனு சொன்ன பிறகு’ என்று எழுதினார். ஆட வருபவர்கள் இப்போது வாசலில் மட்டையோடு காத்திருக்கிறார்கள். இதுவரை யாரும் முறைப்பாடு செய்யவில்லை.