மெதுவாகக் கொடுத்த பந்து

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடைய சொந்தச் சரக்கு இல்லை. குளியலறைத் தரைக்கு டைல்ஸ் வாங்க வந்த ஒருவர் என் கடையில் பாதியை இறக்கிவைத்துவிட்டுப் போனார். மீதிப் பாதியை நான் இட்டுக்கட்டியிருக்கிறேன். எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது கலந்துவிட்டது.

வந்தவர் பெயரை மாற்றி லென் ஜரோஸ் என்று வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் டொலீடோவின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஒன்பது வருஷம் சென்டராக இருந்தவர். குனிந்து நின்று, பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் இருக்கும் குவாட்டர்பேக்கின் கையில் அறைகிற ஆள். அந்த அறையில்தான் ஒவ்வொரு ஆட்டமும் தொடங்கும். பந்தை எறிகிறவனை ஊரே கொண்டாடும். கொடுக்கிறவனுடைய பின்புறத்தை மட்டும் தொலைக்காட்சியில் பார்க்கும்.

பேரத்துக்கு நடுவில் ஒரு டிசம்பர் மாதக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். "சனிக்கிழமை கோச் என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. நான் சொன்னேன்..." என்றவர் நிறுத்திவிட்டு, டைல்ஸ் இடுக்கில் பூசுகிற பவுடர் என்ன விலை என்றார்.

நான் ஜவுளி மொத்த வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். ஒரு ஆள் பேச்சை எங்கே நிறுத்துகிறாரோ அதுதான் அவருடைய கடைசி விலை. அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார். நான் பவுடர் விலையைச் சொன்னேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "டொலீடோ நகரத்து வானம் அன்று சாம்பல் நிறத்தில்"

வேண்டாம். டிசம்பரில் எங்கள் வானம் வேறு நிறத்தில் இருந்ததே இல்லை.

இரண்டாவது: "மனிதனின் கட்டைவிரல் என்பது நாகரிகத்தின்"

இது கட்டுரை ஆகிவிடும்.

மூன்றாவது: வேட் ஹால்வர்சனின் வலது கட்டைவிரல், பந்தை எறிந்த வேகத்தில், பாய்ந்து வந்த எதிராளியின் ஹெல்மெட்டில் இடித்தது.

இது நிற்கும். வேட்தான் முதல் குவாட்டர்பேக். முப்பத்து நான்கு வயது. கைக்கட்டோடு அடுத்த ஆட்டத்தை ஆடி, தட்டுத்தடுமாறி ஜெயித்தும் கொடுத்தார். இன்னும் ஒரே ஆட்டம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை டுலூத் அணியை வென்றால் அடுத்த சுற்று. தோற்றால் சீசன் முடிந்தது. வேட்டுக்கு மாற்றாக உட்கார்ந்திருப்பவன் டெமெட்ரியஸ் போல்க். இருபத்திரண்டு வயது. கல்லூரியிலிருந்து அந்த வருஷம்தான் வந்தவன். இதுவரை ஒரு நிஜ ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை.

(வேட்டை 'அவர்' என்கிறேன், போல்க்கை 'அவன்' என்கிறேன். வயசு மட்டும் காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்துக் கொடுத்தால் திங்கட்கிழமை ஊரே அவனை 'அவர்' ஆக்கிவிடும்.)

3

லீக் விதிப்படி யார் யாருக்கு எங்கே அடி என்று ஒவ்வொரு அணியும் வாரத்தில் மூன்று நாள் பட்டியல் வெளியிட வேண்டும். ஆடமாட்டார், சந்தேகம், ஆடினாலும் ஆடலாம் என்று தரம் பிரித்து. வெளியூர்க்காரர்கள் இதை மருத்துவ அறிக்கை என்று நினைப்பார்கள். நான் முதல் தடவை படித்தபோதே இது நம்ம வீட்டுச் சமாச்சாரம் என்று கண்டுகொண்டேன். வாங்குகிறவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் முதல் விலை. எதிரணி இரண்டு பேருக்கும் தயாராகி நேரத்தை வீணடிக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

அந்த வாரம் கோச் மெர்ல் டகெட் போட்டது: ஹால்வர்சன், கட்டைவிரல், ஆடினாலும் ஆடலாம்.

ஊருக்கு வேறு பேச்சே இல்லை. என் கடைக்கு வரும் கொத்தனார்கள் இரண்டு பேர் சிமென்ட் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டே சண்டை போட்டார்கள்.

"மூணு விரல் இருந்தாலும் வேட்தான்யா. அந்த ஆளுக்குக் கண்ணு இருக்கு."

"அப்ப நீ மூணு விரலோட டைல்ஸ் ஒட்டு, பாப்போம்."

"புதுப் பய நேத்து ப்ராக்டீஸ்ல நாலு தடவ பந்தக் கீழ போட்டிருக்கான். கை நடுங்குதாம்."

"உனக்கு யாரு சொன்னா?"

"பேப்பர்ல வந்திருக்குய்யா! பேப்பர்காரன் பாத்திருக்கான்!"

பத்திரிகைக்காரர்கள் பார்த்தது நிஜம். பயிற்சியின் முதல் பதினைந்து நிமிஷம் மட்டும் அவர்களை உள்ளே விடுவார்கள். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் போல்க் நாலு தடவை பந்தை நழுவவிட்டான்.

4

ஏன் நழுவியது என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத் தெரியும்.

5

லென் சொன்னதை அப்படியே தருகிறேன். இது என் பாதி இல்லை.

விரல் அடிபட்ட மறுநாள், வேட் அவருக்குப் பின்னால் வந்து நின்று கையை நீட்டினார். லென் எப்போதும்போல் பந்தை அறைந்தார். வேட்டின் மூக்கு வழியாக ஒரு மூச்சு வந்தது. ஒன்பது வருஷமாக அந்த மூச்சை முதுகுக்குப் பின்னால் கேட்டுப் பழகியவர் லென். அடுத்த பந்தை லென் கொஞ்சம் மெதுவாகக் கொடுத்தார். அடுத்ததை இன்னும் கொஞ்சம். வேட் கேட்கவில்லை, லென் சொல்லவில்லை. இரண்டு நாளில் லென்னின் கைக்கு அதுவே பழகிவிட்டது.

கடைசி ஆட்டத்து வாரம், புதன்கிழமை வேட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் போல்க்கை நிறுத்தினார்கள். லென்னின் கை மாறவில்லை. அதே மெதுவான பந்து. இமைக்கிற நேரத்தில் பாதி தாமதம், அவ்வளவுதான். ஆனால் குவாட்டர்பேக்கின் கால், கையைக் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. பந்து வரவேண்டிய நொடிக்குப் போல்க் பின்வாங்கினான். பந்து அவன் விரல் நுனியில் பட்டுத் தரையில் விழுந்தது.

"கையப் பாருடா, கை!" என்று டகெட் கத்தினார்.

"என் தப்புதான், கோச்" என்றான் போல்க்.

(இந்த இடத்தில் நான் லென்னைச் சந்தேகித்தேன். தெரியாமலா கொடுத்தார்? பழைய நண்பனின் இடத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றே புதியவனைக் கவிழ்த்திருக்கக் கூடாதா? வியாபாரிக்குச் சந்தேகம் வராவிட்டால் கடை நடக்காது. கேட்டேன். "முதல் ரெண்டு பந்து தெரியாமத்தான். மூணாவது தெரியும்" என்றார். அதற்கு மேல் அவரைச் சந்தேகிக்க எனக்கு இடமில்லாமல் போய்விட்டது.)

6

வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்து எல்லோரும் குளிக்கப் போன பிறகு போல்க் வந்தான்.

"பெருசு, ஒரு இருபது பந்து குடுக்கிறீங்களா?"

"முட்டி வலிக்குதுடா. காலைல பாப்போம்."

"உங்க முட்டி நீங்க பொறந்ததிலேர்ந்து வலிக்குது. வாங்க."

பயிற்சிக் கூடத்தில் வேறு யாரும் இல்லை. லென் குனிந்தார். இந்தத் தடவை பழைய மாதிரி, எலும்பில் தைக்கிற மாதிரி அறைந்தார். இருபதில் இருபதையும் போல்க் பிடித்தான். கடைசிப் பந்தைக் கையிலேயே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது வேற பந்து."

லென் முட்டியைத் தேய்த்தார்.

"புதன்கிழமை வந்தது இது இல்ல. வேட்டுக்குக் குடுக்கிறதத்தான் எனக்கும் குடுத்திருக்கீங்க."

"கோச்சுகிட்ட சொல்லணும்னா போய்ச் சொல்லு."

"அவருகிட்ட போயி 'பெருசு தப்பாக் குடுத்தாரு'ன்னு சொல்லவா? இந்த ஊர்ல எனக்கு அப்புறம் எவன் பந்து குடுப்பான்?" சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "ரெண்டையும் நான் பிடிப்பேன். எது வரப்போகுதுன்னு மட்டும் சொல்லிடுங்க. அது தெரிஞ்சாப் போதும்."

(இந்த வசனத்தை முதலில் இன்னும் நீளமாக எழுதியிருந்தேன். அதில் போல்க் தன் அம்மாவைப் பற்றிப் பேசினான், கண் கலங்கினான். அடித்துவிட்டேன். சரக்கு நல்லதாக இருந்தால் ஜிகினா எதற்கு.)

7

சனிக்கிழமை காலை டோநட் வாங்கிவருவது புதியவர்களின் கடமை. லென் மாதிரி முன்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவரும் நூற்றைம்பது கிலோ, ஒரு பெட்டி போதாது. போல்க் நாலு பெட்டி கொண்டுவந்தான். லென்னுக்குப் பிடித்த, நடுவில் பிளம் ஜாம் வைத்தது இரண்டைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

"லஞ்சமாடா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"லஞ்சம்னா மூணு வாங்கியிருப்பேன்."

லென்னால் அதைத் தின்னவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. அந்த நேரத்தில்தான் டகெட் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

டகெட் நாற்காலியில் உட்காராமல் மேஜை விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் முடியும்கிறாரு. வேட் முடியும்கிறான். அவன் கழுத்து முறிஞ்சாலும் முடியும்பான். சின்னவன் கண்ணு நல்லா இருக்கு, கைதான் பயமா இருக்கு. இந்தக் கட்டடத்துல ரெண்டு பேர் கையும் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். லென், நாளைக்கு உனக்குப் பின்னாடி யாரு கை வேணும்?"

8

இதற்கு நான் இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு. லென் "வேட்" என்கிறார். ஒற்றைச் சொல். ஒன்பது வருஷம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கிறது. வேட் ஆடுகிறார். போல்க் கை நடுங்கும் பையன் என்ற பெயரோடு மறுவருஷம் வேறு ஊருக்கு, அங்கிருந்து இன்னொரு ஊருக்கு. லென்னை யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதானே. இந்த முடிவில் எனக்குப் பிடிக்காதது, இது ரொம்ப எளிதில் நடக்கக்கூடியது.

இரண்டாவது. லென் டகெட்டின் மேஜையில் இருந்த ஒரு பந்தை எடுக்கிறார். "பின்னாடி வந்து நில்லுங்க, கோச்." அறுபது வயசுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு நிற்கிறார். லென் குனிந்து பந்தை அறைகிறார். "இது இந்த சீசன் பூரா." மறுபடி ஒன்று, மெதுவாக. "இது ரெண்டு வாரமா." டகெட்டின் கையிலிருந்து இரண்டாவது பந்து நழுவி, கம்பளத்தில் உருள்கிறது.

எழுதி முடித்துவிட்டு நானே கைதட்டினேன். மறுநாள் படித்தபோது வெட்கமாக இருந்தது. இவ்வளவு அழகாக உண்மை சொல்கிறவர்களை நான் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன். கடையில் பார்த்ததில்லை.

நீங்கள் கேட்கலாம்: அந்த ஞாயிற்றுக்கிழமை யார் ஆடினார்கள் என்று பழைய பேப்பரைப் புரட்டினால் தெரிந்துவிடாதா? தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் பேப்பரில் இருப்பது டகெட் என்ன செய்தார் என்பது. லென் சொன்னதைக் கேட்டுச் செய்தாரா, கேட்டும் கேட்காமல் செய்தாரா என்பது அதில் இல்லை. முடிவெடுக்கும் முன்பு பத்துப் பேரைக் கேட்டுவிட்டு, பதினோராவதாகத் தன் மனசு சொன்னதைச் செய்கிற ஆள் அவர்.

அதோடு, இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வேறொன்று புரிந்தது. எதைச் சொல்லியிருந்தாலும் லென் அந்த அறையை விட்டு வெளியே வந்துதானே ஆகவேண்டும்? வந்தால் எதிரே சாப்பாட்டுக்கூடம். அங்கே வேட்.

9

வேட் மூலை மேஜையில் தனியாக உட்கார்ந்து இடது கையால் சூப் குடித்துக்கொண்டிருந்தார். வலது கை ஐஸ் வாளிக்குள். லென் தட்டில் எதையோ போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டாரு."

"கேட்டாரா?"

"கேட்டாரு."

வேட் சூப்பைக் கிண்டினார். "போல்க் நேத்து உன்கிட்ட தனியா வாங்கிப் பாத்தானாமே. இருபதும் பிடிச்சானாம்."

"யாரு சொன்னா?"

"அவன்தான் சொன்னான். என்கிட்ட வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போனான். தைரியந்தான்." வாளியிலிருந்து கையை எடுத்துப் பார்த்தார். கட்டைவிரல் சிவந்து, இடது கட்டைவிரலைப்போல் இரண்டு மடங்கு தடிமனாக இருந்தது. மறுபடி உள்ளே விட்டார். "நீ ரெண்டு வாரமா மெதுவாக் குடுக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாடா?"

லென் தட்டையே பார்த்தார்.

"முதல் பந்துலயே தெரியும். வேணாம்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். புதன்கிழம அந்தப் பய கீழ போட்டப்பவும் வேடிக்க பாத்துக்கிட்டு நின்னேன். 'என் தப்பு கோச்'ங்கறான், நான் தண்ணி குடிக்கிற மாதிரி திரும்பிக்கிட்டேன். பதிமூணு வருஷம் ஆடியிருக்கேன், லென். அந்த மாதிரி ஒரு நாளும் நின்னதில்ல."

"விடுடா."

"விடமாட்டேன். என் முகத்தப் பாத்துச் சொல்லு. என்ன சொன்னே அவருகிட்ட?"

10

பத்து என்று எண் போட்டுவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்தேன்.

என் தொழிலில் பதிலை, எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வேட்டின் முகத்தை நான் பார்த்ததில்லை. லென் பார்த்தார். பார்த்தவர் என் கடையில் வந்து பவுடர் விலை கேட்டார். நான் ஏதாவது எழுதினால் அது அவருடைய பதிலாக இருக்காது. ஒரு டைல்ஸ்காரன் தன் மனசு நோகாமல் இருக்கத் தயாரித்த பதிலாக இருக்கும். அதை விற்க எனக்கு மனசில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு ஆள் இருப்பார். நீங்கள் கேட்காமலே உங்களுக்காக மெதுவாகக் கொடுத்தவர், அல்லது நீங்கள் யாருக்காக மெதுவாகக் கொடுத்தீர்களோ அவர். அவரை எதிரே உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பிறகு லென்னுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். உண்மை என்றால் உண்மை, பொய் என்றால் பொய், நான் திருத்த வரமாட்டேன்.

ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். வேட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.